பிராட்பேண்ட் பில்லுக்கும் பேரம் பேசலாம்!

வடசேரி சந்தையில் ஒரு மட்டிக்குலை வாங்கப் பத்து நிமிடம் பேரம் பேசுகிறோம். தோவாளையில் கால் கிலோ பிச்சிப்பூவுக்கும் பேசுகிறோம். ஆனால் மாதம் பிறந்தவுடன் மொபைலில் வந்து விழும் பிராட்பேண்ட் பில்லை மட்டும் ஒரு வார்த்தை கேட்காமல் கட்டி விடுகிறோம். பெரிய கம்பெனி வைத்த விலை, அதில் நமக்கு என்ன பேச்சு என்ற எண்ணம்தான் காரணம். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் அதிகம். மோடம் பெட்டியைத் தொட்டாலே நெட் போய் விடுமோ என்று பயப்படும்போது, பில்லைப் பற்றி எங்கே பேசுவது?

பேசலாம். எப்படி என்பதை என் சித்தப்பா வீட்டில் நடந்ததை வைத்தே சொல்கிறேன்.

எங்கள் ஊர் நாகர்கோவில் பக்கத்தில் உள்ள மயிலாடி. கல் சிற்பங்களுக்குப் பெயர் பெற்ற ஊர். சித்தப்பாவும் சிற்பப் பட்டறை வைத்திருக்கிறார். கேரளக் கோவில்களுக்கும், வெளிநாட்டில் உள்ளவர்களுக்கும் சிலைகள் போகின்றன. வேலை நடக்க நடக்கச் சிலையின் போட்டோக்களை அனுப்ப வேண்டும். அதற்காகவே ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். பைபர் இணைப்பு ஏற்கனவே வீட்டில் இருந்தது. ஒரு நாள் போன் செய்தார்.

"மக்ளே, போட்டோ போக அரை மணிக்கூர் ஆகுது. கம்பெனிக்காரன் கிட்ட கேட்டா வேகம் பத்தாது, கூடின பிளான் போடணும்னு சொல்லுகான். போடவா?"

"பொறுங்க சித்தப்பா. சனிக்கிழமை வாறேன். அதுக்கு முன்னால எதுவும் போடாதீங்க" என்றேன்.

போய்ப் பில்லைப் பார்த்தேன். 100 எம்பிபிஎஸ் வேகம், மாத வாடகை 799 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேர்த்து 943 ரூபாய். அவர்கள் மாறச் சொன்ன 200 எம்பிபிஎஸ் திட்டம் 999 ரூபாய்; வரியுடன் 1,179. சரி என்று, அதே நிறுவனத்தின் வெப்சைட்டைத் திறந்து, புதிய வாடிக்கையாளர்களுக்கு என்ன தருகிறார்கள் எனப் பார்த்தேன். அதே 100 எம்பிபிஎஸ் 599 ரூபாய்க்கு இருந்தது. வரியுடன் 707. மூன்று வருடமாகத் தவறாமல் பணம் கட்டியவருக்கு 943. நேற்று வந்தவருக்கு 707. மாதம் 236 ரூபாய் என்றால் வருடத்திற்கு 2,832 ரூபாய்!

வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், பழைய திட்டத்தில் சினிமா பார்க்கும் ஓ.டி.டி. தொகுப்பு ஒன்று சேர்ந்திருந்தது. சித்தப்பாவும் சித்தியும் அதை ஒரு நாள் கூடத் திறந்ததில்லை. பாஸ்வேர்ட் என்ன என்பதே தெரியவில்லை.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. புதுத் திட்டம் வரும்போது பழைய சந்தாதாரரை நிறுவனங்கள் தாமாகவே அதற்கு மாற்றுவதில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் தொலைத்தொடர்பைக் கண்காணிக்கும் ஆப்காம் அமைப்பு, 2020 பிப்ரவரி முதல் ஒரு விதியைக் கொண்டு வந்தது. ஒப்பந்தக் காலம் முடியும் முன்பு, முடியப் போகிறது என்பதையும், அந்த நிறுவனத்திலேயே உங்களுக்குக் கிடைக்கும் சிறந்த திட்டம் எது என்பதையும் நிறுவனமே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். நம் வீட்டு பிராட்பேண்டில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.

எம்பிபிஎஸ் எவ்வளவு தேவை?

இது டாக்டர் படிப்பு அல்ல. ஒரு நொடியில் எத்தனை மெகா பிட் டேட்டா வந்து போகும் என்ற கணக்கு. இங்கே ஒரு குழப்பம் உண்டு. வேகத்தை பிட் கணக்கில் சொல்கிறார்கள். பைலின் அளவை பைட் கணக்கில் சொல்கிறோம். 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 12.5 மெகா பைட் அளவுதான் டவுன்லோட் ஆகும். "நூறு என்று சொல்லிவிட்டு பன்னிரண்டு தருகிறான்" என்று சண்டைக்குப் போகும் முன் எட்டால் வகுத்துப் பார்த்திடவும்.

உங்கள் தேவையை ஒரு தாளில் எழுதுங்கள். யூடியூப் போன்ற தளங்களில் நல்ல தெளிவுடன் வீடியோ பார்க்க 5 எம்பிபிஎஸ் போதும். 4கே படத்திற்கு நெட்பிளிக்ஸ் பரிந்துரைப்பது 15 எம்பிபிஎஸ். வீடியோ அழைப்புக்கு 4 என்று தாராளமாக வைத்துக் கொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டு பேர் வீடியோ பார்த்து, ஒருவர் வெளிநாட்டில் உள்ள மகளுடன் முகம் பார்த்துப் பேசினாலும் 20ஐத் தாண்டாது. பெரும்பாலான வீடுகளுக்கு 30 முதல் 50 எம்பிபிஎஸ் தாராளம். 200, 300 என்பவை விளம்பரத்தில் பார்க்க அழகாக இருக்கும்.

சித்தப்பாவைப் போன்று பைல்களை அனுப்புபவர்கள் அப்லோட் வேகத்தையும் பார்க்க வேண்டும். 5 மெகா பைட் அளவுள்ள 100 போட்டோக்கள் என்றால் மொத்தம் 500 மெகா பைட். பிட் கணக்கில் 4,000. அப்லோட் வேகம் 5 எம்பிபிஎஸ் ஆக இருந்தால் 800 நொடி, அதாவது 13 நிமிடத்துக்கு மேல். 30 ஆக இருந்தால் இரண்டே கால் நிமிடத்தில் முடிந்துவிடும். பைபர் திட்டங்கள் பலவற்றில் இரண்டு பக்க வேகமும் ஒன்றாகவே இருக்கும். ஆனாலும் கேட்டு உறுதி செய்து கொள்ளவும்.

அப்படியானால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் போட்டோ போக ஏன் அரை மணி நேரம்?

முதலில் அளந்து பாருங்கள்

பிரவுசரில் ஸ்பீட்டெஸ்ட் அல்லது பாஸ்ட் டாட் காம் தளத்தைத் திறந்தால், சில நொடிகளில் டவுன்லோட் வேகத்தைக் காட்டும். ஸ்பீட்டெஸ்டில் அப்லோட் வேகமும் உடனே வரும். பட்டறை அறையில் இருந்த கம்ப்யூட்டரில், வை-பி மூலம் பார்த்தபோது 7 எம்பிபிஎஸ் வந்தது. கம்ப்யூட்டரை முன் அறைக்குத் தூக்கி வந்து, மோடம் பெட்டியில் நேரடியாகக் கேபிள் சொருகிப் பார்த்தேன். 94 வந்தது. 100 எம்பிபிஎஸ் இணைப்பில் 94 என்பது சரியான அளவுதான். டேட்டாவுடன் சேர்ந்து போகும் முகவரித் தகவல்களுக்குச் சிறிது இடம் போய் விடும்.

ஆக, நிறுவனம் தந்த வேகம் வீடு வரை சரியாக வந்து, இடையில் இருந்த கருங்கல் சுவரில் நின்று போயிருந்தது. கல் ஊரில் பழைய வீடு. சுவர் ஒன்றரை அடி கனம். 200 என்ன, 1,000 எம்பிபிஎஸ் திட்டம் போட்டாலும் அந்தச் சுவரைத் தாண்டி 7தான் வந்திருக்கும். 20 மீட்டர் லேன் கேபிள் வாங்கிச் சுவரோரமாக இழுத்து விட்டேன். சில நூறு ரூபாய்ச் செலவில் வேகப் பிரச்சினை தீர்ந்தது. பெரிய திட்டத்திற்கு மாறுவது பற்றி யாராவது சொன்னால், முதலில் கேபிளில் அளந்து பார்த்திடுங்கள்.

கேபிளிலும் ஒரு விஷயம் உண்டு. 100 எம்பிபிஎஸ்க்கு மேற்பட்ட திட்டம் வைத்திருந்தும் கேபிளில் 94ஐத் தாண்டவில்லை என்றால், விண்டோஸ் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பிரிவில் ஈதர்நெட் என்பதில் கிளிக் செய்திடவும். அங்கே இணைப்பு வேகம் 100 என்று இருந்தால், கம்ப்யூட்டரின் போர்ட் பழையதாக இருக்கலாம். அல்லது கேபிளில் உள்ள எட்டு ஒயர்களில் நான்கு மட்டுமே வேலை செய்யலாம். இதற்கும் நிறுவனத்தைத் திட்டிப் பயன் இல்லை.

கேபிளில் அளந்தும் வேகம் குறைவாக வந்தால்தான் உங்கள் கையில் ஆதாரம் இருக்கிறது. காலை, மாலை, இரவு 9 மணி என மூன்று வேளை, மூன்று நாட்கள் அளந்து ஸ்கிரீன் ஷாட் எடுத்து வைத்திடவும். இரவு 9 மணி முக்கியம். தெரு முழுவதும் சீரியல், கிரிக்கெட் என்று இணையும் நேரம் அது. அப்போது மட்டும் வேகம் பாதியாகிறது என்றால், அந்தப் பகுதிக்கு நிறுவனம் தந்துள்ள மொத்தக் கொள்ளளவு போதவில்லை என்று பொருள்.

இணைப்பு விட்டு விட்டு வந்தால், மோடம் என்று நாம் சொல்லும் ஓ.என்.டி. பெட்டியின் விளக்குகளைக் கவனியுங்கள். பான் என்ற விளக்கு பச்சையாக நிலையாக எரிய வேண்டும். லாஸ் என்ற விளக்கு சிவப்பாகச் சிமிட்டினால், ஒளி உள்ளே வரவில்லை. எங்கோ பைபர் அறுந்திருக்கிறது அல்லது கழன்றிருக்கிறது. உடனே மொபைலில் தேதியும் நேரமும் தெரியும்படி ஒரு போட்டோ எடுங்கள். "உங்கள் கம்ப்யூட்டரில்தான் கோளாறு" என்ற பதிலுக்கு இந்த ஒரு போட்டோ போதும். மின்சாரம் போவதால் நெட் போவதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு மோடத்துக்கு என்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். வாங்கி வைத்தால் போதும்.

எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் தென்னை மட்டை விழுந்து ஒயர் அறும். கல் ஏற்றி வரும் லாரி, தாழ்ந்து தொங்கும் பைபரை இழுத்துப் போவதும் உண்டு. அந்த ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதத்தில் மட்டும் 11 நாட்கள் சித்தப்பா வீட்டில் நெட் இல்லை. எப்படித் துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், சித்தி பால் கணக்கு எழுதும் தினசரிக் காலண்டரில் "நெட் இல்ல" என்று அந்தந்த நாளில் எழுதி வைத்திருந்தார். என் இன்ஜினியரிங் படிப்பை விட அந்தக் காலண்டர் பின்னால் அதிகம் உதவியது.

நான் சொதப்பிய முதல் அழைப்பு

எல்லா விவரமும் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில், பில்லில் இருந்த கஸ்டமர் கேர் எண்ணுக்கு அழைத்தேன். ஆன்லைனில் படித்திருந்த வித்தையைக் காட்டினேன். "புதிய ஆளுக்கு 599க்குக் கொடுக்கிறீர்கள். எங்களுக்கும் தராவிட்டால் இணைப்பை எடுத்து விடுவோம்" என்றேன்.

மறுமுனையில் இருந்த பெண் அமைதியாக, "சரிங்க சார், டிஸ்கனெக்ஷன் ரிக்வெஸ்ட் இப்பவே போட்டுரட்டுமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் நின்ற சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. என் கையைப் பிடித்து, "லேய், வேண்டாம்லே! நம்பர் போயிரும்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த பைபர் இணைப்போடு வருவது அவருடைய லேண்ட்லைன் எண். இருபது வருடமாகப் பட்டறைப் போர்டில் பெயின்ட்டில் எழுதியிருக்கும் எண். திருவனந்தபுரத்திலும் கொல்லத்திலும் கோவில் கமிட்டிக்காரர்களின் டைரிகளில் இருக்கும் எண். மொபைல் எண்ணை அப்படியே வேறு நிறுவனத்திற்கு எடுத்துச் செல்லும் வசதி நாடு முழுவதும் 2011 ஜனவரியில் வந்துவிட்டது. லேண்ட்லைனுக்கு அந்த வசதி கிடையாது. இணைப்பைத் துண்டித்தால் எண்ணும் போய்விடும்.

"இல்லை மேடம், யோசித்துச் சொல்கிறோம்" என்று வைத்தேன். அரை மணி நேரம் சித்தப்பா என்னிடம் பேசவில்லை.

போய் விடுவேன் என்று சொல்வதானால், உண்மையிலேயே போகத் தயாராக இருக்க வேண்டும். உங்கள் லேண்ட்லைன் எண் தொழிலுக்கு முக்கியமா, தெருவில் வேறு பைபர் நிறுவனம் இருக்கிறதா, அது இந்த மழைக்காலத்தில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்து விட்டே அந்தச் சொல்லை எடுக்கவும். எதிர் வீட்டிலும் அடுத்த தெருவிலும் விசாரித்தாலே பாதித் தகவல் கிடைத்துவிடும்.

அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல். 2005 ஜனவரியில் டேட்டா ஒன் என்ற பெயரில் பிராட்பேண்ட் தொடங்கியபோது, நம்மைப் போன்ற ஊர்களில் அதைத் தவிர வேறு வழி கிடையாது. மாதம் இவ்வளவு மெகா பைட்தான் என்ற வரம்பு இருந்தது. சில திட்டங்களில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை வரம்பு இல்லை என்பதால், அலாரம் வைத்து எழுந்து டவுன்லோட் போட்ட அண்ணன்மார் பலர் இன்றும் அந்தக் கதையைச் சொல்வார்கள். 2004ஆம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கைப்படி 256 கேபிபிஎஸ் இருந்தாலே அதற்குப் பெயர் பிராட்பேண்ட். 2013ல் அது 512 ஆனது. 2023ல் 2 எம்பிபிஎஸ் ஆக உயர்ந்தது. 2019 செப்டம்பரில் ஜியோ பைபர் வந்த பிறகு போட்டியும் வந்தது. தெருவில் இரண்டு நிறுவனம் இருந்தால் நம் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஒன்றே ஒன்று இருந்தால் பேரத்தின் திசையை மாற்ற வேண்டும். நாங்கள் அதைத்தான் செய்தோம்.

இரண்டாவது அழைப்பு

ஒரு வாரம் கழித்து, அடுத்த பில் போடுவதற்கு ஐந்து நாட்கள் இருக்கும்போது அழைத்தேன். இந்த நேரம் முக்கியம். பில் போட்ட மறுநாள் பேசினால் எந்த மாற்றமும் அடுத்த மாதம்தான் என்று சொல்லி விடுவார்கள். வருடச் சந்தா கட்டியவர்கள், அது முடிவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பு பேசிடவும்.

இந்த முறை மிரட்டல் இல்லை. காலண்டரைக் கையில் வைத்துக் கொண்டு தேதிகளைப் படித்தேன். ஒவ்வொரு பழுதுக்கும் புகார் செய்தபோது தந்த டாக்கெட் எண்ணையும் சொன்னேன். பிறகு இரண்டே கோரிக்கை. "11 நாட்கள் இணைப்பு இல்லை. அந்த நாட்களின் வாடகையைக் கழித்துத் தர வேண்டும். அடுத்த பில்லில் இருந்து 599 திட்டத்துக்கு மாற்ற வேண்டும். லேண்ட்லைன் எண் மாறக் கூடாது. இதை உங்களால் செய்ய முடியுமா, இல்லை வேறு யாரிடம் பேச வேண்டும்?"

"599 புதிய வாடிக்கையாளருக்கு மட்டும்தான் சார்."

"வெப்சைட்டில் அப்படி எழுதவில்லையே மேடம். எழுதியிருக்கும் இடத்தைச் சொல்லுங்கள், பார்க்கிறேன்."

சிறிது நேரம் பாட்டுப் போட்டார்கள். இந்த இடத்தில் நாம் அவசரப்பட்டு வேறு எதையும் பேசக் கூடாது. பேசாமல் இருந்தாலே போதும். திரும்பி வந்தவர், பிளான் மாற்றலாம், ஓ.டி.டி. வசதி போய் விடும், பரவாயில்லையா என்று கேட்டார். பரவாயில்லை என்றேன். வாடகைக் கழிவுக்கு மட்டும் மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று ஒரு டாக்கெட் எண் கொடுத்தார். ஆறாம் நாள் 293 ரூபாய் வரவு வைத்ததாக மெசேஜ் வந்தது. 799ஐ 30ஆல் வகுத்து 11ஆல் பெருக்கிப் பாருங்கள், கணக்கு சரியாக வரும்.

கவனித்திருப்பீர்கள். 799 ரூபாய்த் திட்டத்தையே குறைந்த விலைக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. கஸ்டமர் கேரில் இருப்பவருக்கு விலையைக் குறைக்க அதிகாரம் இல்லை. ஒரு நிறுவனத்தின் கட்டணத் திட்டங்கள் டிராய் எனப்படும் ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவிக்கப்படுபவை. ஒரே வகைச் சந்தாதாரர்களிடையே பாகுபாடு காட்டக் கூடாது என்ற விதியும் 1999ஆம் ஆண்டின் கட்டண ஆணையிலேயே உள்ளது. அவர்களால் செய்ய முடிவது மாற்றித் தருவது, கழிவு தருவது, இணைப்புக் கட்டணத்தைத் தள்ளுவது, மோடத்தை இலவசமாகத் தருவது, ஒரு மாதம் கூடுதலாகச் சேர்ப்பது போன்றவைதான். இவற்றைக் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு.

போகப் போகிறேன் என்பவருக்கு மட்டும் தனிச் சலுகை தருவதும் நம் நாட்டில் நடந்திருக்கிறது. மொபைல் நிறுவனங்கள், எண்ணை மாற்றிச் செல்ல இருந்த வாடிக்கையாளர்களுக்கு வெளியே சொல்லாத சலுகைகள் தந்தன. அந்த விவரங்களைத் தனக்குத் தர வேண்டும் என்று டிராய் 2018ல் சொன்னது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், டிராய் கேட்பதில் தவறு இல்லை, விவரங்களைத் தாருங்கள் என்று கூறியது. சத்தம் போடுபவருக்குச் சலுகை, சும்மா இருப்பவருக்கு முழு விலை என்பது இந்தத் தொழிலில் புதிது இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

கேபிள்காரரிடம் பேசுங்கள்

கிராமங்களிலும் சிறு ஊர்களிலும் பைபரை வீட்டுக்கு இழுத்துத் தருபவர் பெரும்பாலும் உள்ளூர்க் கேபிள் டிவிக்காரர்தான். நிறுவனத்தின் பார்ட்னராக இருந்து, நாம் கட்டும் வாடகையில் பங்கு பெறுகிறார். நீங்கள் போனால் அவருக்கு நேரடி நஷ்டம். எனவே 1,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கால் சென்டரை விட, நம்மை "அண்ணாச்சி" என்று அழைக்கும் இவரிடம் பேசுவது பல நேரம் பலன் தரும். வாடகையை அவரால் குறைக்க முடியாது. ஆனால் புதிய இணைப்பின்போது மோடம் விலை, ஒயர் இழுக்கும் கூலி ஆகியவற்றில் விட்டுக் கொடுப்பார். எங்கள் விஷயத்தில், லாரி இழுத்துப் போகும் அந்த ஒயரை உயரமான போஸ்ட்டுக்கு மாற்றித் தந்தார். 236 ரூபாய்க் குறைவை விட இதுதான் பெரிய லாபம் என்பது என் கருத்து.

ஆறு மாதம் கட்டினால் ஒரு மாதம் இலவசம், ஒரு வருடம் கட்டினால் இரண்டு மாதம் இலவசம் என்ற சலுகைகளை அவரும் சொல்வார், வெப்சைட்டும் சொல்லும். அடிக்கடி பழுதாகும் இணைப்பில் ஒரு வருடப் பணத்தை முன்னால் கட்டாதீர்கள். கட்டிய பிறகு நம் கையில் பிடி எதுவும் இருக்காது. இரண்டு மழைக்காலம் பார்த்துவிட்டு யோசிக்கலாம். இடையில் நிறுத்தினால் மீதிப் பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் கேட்டுக் கொள்ளவும்.

மறுத்துவிட்டால்?

திட்டம் மாற்றுவதைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் தவறான பில், தீராத பழுது, திரும்பாத வைப்புத்தொகை போன்றவற்றுக்கு வழி உண்டு. பலரும் நேராக டிராய்க்கு எழுதுகிறார்கள். தனி நபர் புகார்களை டிராய் விசாரிப்பதில்லை. 2012ஆம் ஆண்டின் குறைதீர் விதிகளின்படி, முதலில் நிறுவனத்தின் புகார் மையத்தில் பதிந்து டாக்கெட் எண் பெற வேண்டும். தீர்வு இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால், அதே நிறுவனத்தில் உள்ள மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். இதற்குக் கட்டணம் இல்லை. 39 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அவருடைய முகவரியும் இமெயிலும் நிறுவனத்தின் வெப்சைட்டில், பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். பொறுமையாகத் தேடவும்.

அதற்கும் மேலே போக வேண்டுமானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உள்ளது. பிறகு நுகர்வோர் ஆணையம். நம் மாவட்டத்துக்கு நாகர்கோவிலில் இருக்கிறது. டெலிபோன் பில் தகராறுகளுக்கு நுகர்வோர் மன்றம் போக முடியாது என்று 2009ல் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் சொன்னதால், பல வருடங்கள் அந்தக் கதவு மூடியே இருந்தது. 2022 பிப்ரவரி 16ல் வந்த தீர்ப்பு அதைத் திறந்து விட்டது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டத்திலும் தொலைத்தொடர்பு என்ற சொல்லே சேவைகளின் பட்டியலில் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் கிடையாது. 236 ரூபாய்க்காக யாரும் அங்கே போக வேண்டாம். ஆனால் வருடச் சந்தாவை வாங்கிக் கொண்டு இணைப்பே தராதவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லலாம்.

புதியவர்களுக்கு ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். மோசடிக்காரர்கள் போலி எண்களை அங்கே பரப்பி வைக்கிறார்கள். பில்லில் அச்சிட்டுள்ள எண், நிறுவனத்தின் சொந்த ஆப் ஆகியவை மட்டுமே சரி. பேசுகிறவர் கம்ப்யூட்டரைத் தூரத்தில் இருந்து இயக்கும் சாப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்யச் சொன்னாலோ, பணம் திருப்பித் தர பேங்க் ஓ.டி.பி. கேட்டாலோ உடனே போனை வைத்து விடுங்கள். வாடகைக் கழிவு அடுத்த பில்லில் வரவாகத்தான் வரும், அதற்கு ஓ.டி.பி. தேவையே இல்லை.

நிறுவனத்தையே மாற்ற முடிவு செய்தவர்கள், புதிய இணைப்பு ஒரு வாரம் ஒழுங்காக ஓடிய பிறகே பழையதை நிறுத்திடவும். பழைய மோடம் நிறுவனத்துடையது என்றால், திருப்பிக் கொடுத்து ரசீது வாங்கவும். மொபைலில் ஆட்டோ பே போட்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும். இதை மறந்து, இல்லாத இணைப்புக்கு மூன்று மாதம் பணம் கட்டிய நண்பர் எனக்கு உண்டு. அவரும் சாப்ட்வேர் இன்ஜினியர்தான்.

பேசி முடித்தவுடன், பேசியதைச் சுருக்கமாக எழுதி, டாக்கெட் எண்ணுடன் நிறுவனத்தின் இமெயில் முகவரிக்கு அனுப்பி விடுங்கள். அடுத்த பில் வந்ததும் வரி வரியாகப் பார்க்கவும். எங்களுக்கு வந்த முதல் பில்லில் பழைய 799தான் இருந்தது. சித்தப்பாவே கஸ்டமர் கேருக்கு அழைத்து, டாக்கெட் எண்ணைப் படித்துக் காட்டினார். இரண்டாம் நாள் திருத்திய பில் வந்தது. 707 ரூபாய்.